ஜாகாவின் காது

படிவம் இரண்டில் படிக்கும்போது எங்கள் பள்ளி ஜாகாவைக் கேலிச்சித்திரமாக வரைந்தேன். ஐம்பதைத் தாண்டியவர், நம்மாள். ஆயர் ஈத்தாம் பசாரில் பார்த்தால் அம்மாவை நிறுத்தி நலம் விசாரிப்பார். அவருடைய காதுகள் இரண்டும் தலையை விட்டு விலகி நிற்கும். நான் தலையைச் சட்டியாக்கி, காதுகளை அதற்குக் கைப்பிடி ஆக்கினேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். நோட்டு மேசை மேசையாகப் போனது. நாற்பது பேர் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் நாலு பேர்தான். அதுவரை என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத பையன்கள் அன்றைக்கு முதுகில் தட்டினார்கள்.

நோட்டு எப்படியோ கேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பள்ளி முடிந்து கிளம்பும்போது கூப்பிட்டார்.

"தம்பி, நீயா போட்டே?"

பேசாமல் நின்றேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காதைச் சின்னதா போட்டுட்டியேப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தப்பித்தேன் என்று நானும் சிரித்துவிட்டு ஓடினேன். மறுநாள் காலையில் அவர் தலையில் ஒரு தொப்பி இருந்தது. காது மூடும்படி இழுத்துவிட்ட தொப்பி. வெயில்கூட இன்னும் ஏறவில்லை.

லாட்டை அதற்குப் பிறகுதான் படித்தேன். சௌராஸ்டா மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன இல்லையா, அங்கேதான் அட்டை கிழிந்த 'தி கம்போங் பாய்' கிடைத்தது. லாட் என்கிற முகமட் நோர் காலிட் 1951இல் பேராக்கில் பிறந்தவர். இந்தப் புத்தகம் 1979இல் வந்தது. கறுப்பு வெள்ளைக் கோடுகள்; தன் கம்பத்துச் சிறுவயதுதான் கதை. அதில் அவர் யாரை முதலில் கேலி செய்கிறார் என்று பாருங்கள். தன்னைத்தான். பரட்டைத் தலையும் அம்மணமுமாக ஓடுகிற பொடியன். சுன்னத்துக்குப் பயந்து போகிற பொடியன். ஈயம் அலசப் போய் அப்பாவிடம் மாட்டுகிற பொடியன். பிறகு 1981இல் வந்த 'டவுன் பாய்'. ஈப்போவில் அவனுக்குக் கிடைக்கிற சீன நண்பன் பிராங்கி. அந்த நட்பைக் காட்டுகிற பக்கங்களில் யாரும் நல்லிணக்கம் பற்றி உரை நிகழ்த்துவதில்லை. இரண்டு பையன்கள் இசைத்தட்டைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள், அவ்வளவுதான்.

லாட்டின் பத்திரிகைக் கார்ட்டூன்களில் நான் முதலில் தேடியது நம்மாட்களை. இருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், சீக்கியர் எல்லாரும் இருக்கிற கூட்டத்தில் அவர்களும். சாமிவேலுவும் இருந்தார். எல்லாருடைய முகமும் கோணல்தான், ஆனாலும் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அந்தக் கோணல் கூட்டத்தில் வரைந்தவரும் நிற்கிறார். நான் வரைந்த படத்தில் நான் எங்கே இருந்தேன்? நாற்பது பேரோடு சேர்ந்து வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் உடைத்துச் சொன்னால், அந்தக் கூட்டத்தில் எனக்கொரு இடம் பிடிக்க, என் ஆள் ஒருவரின் காதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோப்பிக்கடையில் இதைச் சொன்னபோது ஒரு நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

"லாட் எல்லாருக்கும் நல்ல பிள்ளைடா. யாருக்கும் வலிக்கலைன்னா அது என்ன கார்ட்டூன்?"

அவன் கட்சியிலும் நியாயம் உண்டு. 1987இல், மகாதீர் ஆட்சியில், ஒப்பராசி லாலாங்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்; பத்திரிகைகளையும் மூடினார்கள். அதே மகாதீரைப் பற்றி லாட் 2004இல் ஒரு முழுப் புத்தகமே போட்டார், 'டாக்டர் ஹூ?!' என்று. அதைப் படித்தால் மனிதர் மீது பிரியம் வந்துவிடும் என்பது நண்பனின் புகார். அவனுடைய ஆள் சூனார். 2015இல் அவர் மீது தேச நிந்தனைச் சட்டத்தில் 9 குற்றச்சாட்டுகள். 2016 நவம்பரில் நம்ம பினாங்கிலேயே, இங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய கொம்தாரில், அவருடைய கண்காட்சிக்குள் ஒரு கூட்டம் புகுந்து ரகளை செய்தது. மறுநாள் பிடித்துக்கொண்டு போனது யாரை? ரகளை செய்தவர்களை அல்ல, வரைந்தவரை. ஆட்சி மாறிய பிறகு 2018இல்தான் வழக்குகள் கைவிடப்பட்டன.

தமிழ்நாட்டிலும் அதே 1987இல் ஒன்று நடந்தது. எம்.எல்.ஏ.க்களைப் பிக்பாக்கெட்டோடும் மந்திரிகளை முகமூடிக் கொள்ளைக்காரர்களோடும் ஒப்பிட்ட ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் 3 மாதச் சிறைக்கு அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு ஜோக்குக்கு மூன்று மாதம்! அந்த அட்டைக்குக் கிடைத்த இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

சூனார் தன்னைப் படத்துக்குள் நிறுத்தவில்லையே என்று நான் கேட்க முடியாது. அவர் வரைந்த பிரதமருக்கு போலீஸ் இருந்தது, சட்டம் இருந்தது. பிரதமரின் மனைவி கையில் அவர் மாட்டிவிடும் பெரிய வைர மோதிரம், பிறவியில் வந்த காது மாதிரி இல்லை. அதற்குக் கணக்குக் கேட்கலாம். மேலே இருப்பவரை எப்படியும் வரையலாம், கீழே இருப்பவரை வரையக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால் வேலை சுலபம். ஆனால் லாட் வரைந்தவர்களில் பாதிப் பேர் சாதாரண ஜனங்கள். அவர்களைச் சிரிக்கவே கூடாது என்று ஒதுக்கி வைத்தால் அதுவும் ஒரு தினுசு அவமரியாதைதான். பாவம் என்று நினைக்கிற ஆளைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை.

ஜாகா என்னைத் திட்டியிருக்கலாம். தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாளும் அந்த நாற்பது பேருக்கும் அவர்தான் கேட்டைத் திறக்க வேண்டும். பெற்றோர் கார் ஹார்ன் அடித்தால் ஓடிவர வேண்டியவர். அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதர் "காதைச் சின்னதா போட்டுட்டியே" என்கிறார். எங்கள் எல்லாரையும்விட அவர்தான் நல்ல நகைச்சுவைக்காரர் என்று பல வருஷம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். தொப்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடுவேன். சொன்னால் கதை கெட்டுவிடும்.

போன வருஷம் அவரை மறுபடி வரைய உட்கார்ந்தேன். இந்தத் தடவை கேட்டுக்குப் பக்கத்தில் நானும் நிற்கிறேன், துருத்திய பல்லும் தொளதொளக் காற்சட்டையுமாக, கையில் நோட்டோடு. என்னை வரைவது சுலபமாகத்தான் இருந்தது. அவர் தலையில் தொப்பி போட்டுப் பார்த்தேன், சரியில்லை. எடுத்துவிட்டேன். காதை எவ்வளவு பெரிசாகப் போடுவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. பென்சிலில் இரண்டு கோடு இழுத்து அப்படியே வைத்திருக்கிறேன்.