முதுசொமா, தேடியதேட்டமா?

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இரண்டு தாள்கள் ஒரே உறைக்குள் கிடக்கின்றன. ஒன்று, சண்டிலிப்பாயில் எமக்குள்ள இரண்டு பரப்புக் காணியின் உறுதி. மற்றையது, என் பாட்டனாரின் பூட்டனார் ஞானஸ்நானம் பெற்றபோது எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அன்னையார் இவ்விரண்டையும் உரப்பையிற் சுற்றி இடுப்பிற் கட்டிக்கொண்டு நடந்தார். ஏழு வயதுச் சிறுவனாகிய நான் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தேன். காணியும் கடவுளும் எங்கள் குடும்பத்துக்கு ஒரே வகைச் சொத்து என்று அன்று எனக்குத் தோன்றியிருத்தல் வேண்டும்.

இன்று என் மகளுக்கு மூன்று வயது. அவளுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. "பரம்பரைக் கிறிஸ்தவத்தை உன்னோடை முடிக்கப் போறியோ, தம்பி?" என்று பெரியப்பா கேட்கிறார். அவர் கோபத்தை விட அவர் கையாண்ட சொல்லே என்னை உறுத்தியது. பரம்பரைக் கிறிஸ்தவம் என்று ஒன்று உண்டா? உண்டெனில் அஃது எவ்வகைச் சொத்து?

யாழ்ப்பாணத்தார் சொத்தைப் பகுக்கத் தெரிந்தவர்கள். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை, முன்னோரிடமிருந்து வருவதை முதுசொம் என்றும், பெண்ணுடன் வருவதைச் சீதனம் என்றும், கணவனும் மனைவியும் உழைத்துச் சேர்ப்பதைத் தேடியதேட்டம் என்றும் வகுத்தது. (சமயம் சீதனமாகவும் வருவதுண்டு, பெண்ணின் பொருட்டு மதம் மாறிய மாப்பிள்ளைமாரை நம்மில் யார் அறியார்?) வேதாகமமோ இவ்விடயத்தில் இருகுரலிற் பேசுகிறது. ஆபிரகாமின் வழித்தோன்றல் என்னும் பெருமையை யோர்தான் கரையில் நின்ற யோவான் கல்லினும் மேலாக மதிக்கவில்லை. பவுலோ, தீமோத்தேயுவின் விசுவாசத்தை அவனுடைய பாட்டி லோவிசாளிடத்தும் தாய் ஐனிக்கேயாளிடத்தும் கண்டு மகிழ்கிறார்.

ஊரின் வரலாற்றைப் பார்ப்போம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளிற் சிறிது தூரம் மிதித்தாற் சங்கானையை அடையலாம். அங்கே பழைய கோவிலொன்றின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஆட்சியில், திருமணம் பதிவு பெறவும், பிள்ளைக்குச் சொத்துரிமை கிட்டவும், உத்தியோகம் வாய்க்கவும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. ஆகவே மக்கள் பதிவேட்டிற் கிறிஸ்தவராயினர். விரத நாளில் ஒளித்துண்டு, உண்ட இலையைக் கூரையின் இறப்பிற் செருகி வைத்தனர் என்பது செவிவழிச் செய்தி. அதே ஒல்லாந்தர் காலத்திலேதான் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் எங்கள் சண்டிலிப்பாய்ப் பிள்ளையார் மீது கல்வளையந்தாதி பாடினார். ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் அந்தப் பதிவேட்டுக் கிறிஸ்தவம் கரைந்து போயிற்று. காணியைக் காக்க வந்த சமயத்துக்குக் காணி பத்திரமான பின்னர் வேலை என்ன?

1816இல் அமெரிக்க மிசனார் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி எழுந்தது. இம்முறை வாள் இல்லை, கல்வி இருந்தது. பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்க அன்பர்கள் அப்பிள்ளைக்குப் பெயரையும் அனுப்பினர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என நம் இலக்கிய வரலாற்றில் நிற்கும் பெயர்களில் ஒரு பாதி கடல் கடந்து வந்தது. எங்கள் குடும்பப் பெயரும் அவ்வாறு வந்ததே. அதை அனுப்பியவர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முகமறியாத ஒருவரின் பெயரையே நாங்கள் பரம்பரை என்று சுமக்கிறோம்!

ஆயின், அக்கல்வியைத் தேடியவரைச் சோற்றுக் கிறிஸ்தவர் என்று இகழ்வது எனக்கு உடன்பாடன்று. வாசல் ஒன்றே திறந்திருந்தால் மனிதன் அதன்வழியேதான் நுழைவான். நுழைந்தோர் யாவரும் உள்ளேயே தங்கிவிடவும் இல்லை. வட்டுக்கோட்டையிற் பயின்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராய் நின்று பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார்.

அங்ஙனமாயின் விசுவாசம் தேடியதேட்டமா? தனிமனிதன் ஒருநாள் முடிவு செய்து, தானே பெற்றுக்கொள்வதா? இன்று பலர் அப்படித்தான் சொல்கின்றனர். தன் முயற்சியாற் பணக்காரனானேன் என்னும் முதலாளியின் பேச்சையே இது எனக்கு நினைவூட்டுகிறது. அவன் செல்வத்தில் எத்தனை பேருடைய வியர்வை இருக்கிறதோ, அத்தனை பேருடைய உழைப்பு இவன் விசுவாசத்திலும் இருக்கிறது. பேர்சிவல் பாதிரியாரின் தலைமையில் 1850இல் வெளிவந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர் ஆறுமுக நாவலர், பின்னாளிற் கிறிஸ்தவத்தை முழுமூச்சாக எதிர்த்த அதே நாவலர். ஒரு சைவரின் உழைப்பும் கலந்த மரபை எங்கள் குடும்பத்தின் முதுசொம் என்று நான் எங்ஙனம் உறுதி எழுதுவேன்?

பெரியப்பாவின் சொல்லில் இன்னுமொன்று ஒளிந்திருக்கிறது. பரம்பரை என்று அவர் சொல்வது விசுவாசத்தை மட்டுமன்று. என் மாமி, அதாவது அவருடைய தங்கை, இளமையிற் பாடகர் குழுவில் உடன் பாடிய ஒருவரை விரும்பினார். அவரும் கிறிஸ்தவர், அதே தொட்டியின் நீரால் ஞானஸ்நானம் பெற்றவர். ஆனால் சாதி வேறு. வீடு மறுத்தது; மறுத்தவர்களுள் பெரியப்பா முதல்வர். மாமி மணஞ் செய்யாமலே இருந்து, எங்கள் துணி தைத்து, எங்களுக்கு வேதம் சொல்லித் தந்து, எட்டு ஆண்டுகளுக்கு முன் இறந்தார். மணமகள் தேவை என்னும் விளம்பரங்களில் 'கிறிஸ்தவ வேளாளர்' என்னும் தொடரைக் காணும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. அத்தொடரில் எச்சொல் எச்சொல்லுக்கு அடை என்று இலக்கண ஆசிரியனாகிய எனக்கே விளங்குவதில்லை.

தேசவழமையில் பலரும் மறந்துவிட்ட விதி ஒன்றுண்டு. பெற்றோர் பட்ட கடனைப் புதல்வர் இறுத்தல் வேண்டும். அவர்கள் ஏதும் வைத்துச் செல்லாவிடினும் கடன் கடனே. அதே தொகுப்பு அடிமைகளையும் சொத்தாகக் கொண்டு உடையவனின் உரிமைகளைப் பேசியது. 1844இல் அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்தது, மனத்தில் ஒழிந்ததா? முதுசொத்தின் மீது உரிமை பாராட்டுவோர் கடன் பகுதியைப் படிப்பதில்லை.

படித்தவர்களும் இருந்தனர். மானிப்பாயிற் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் சாதியையும் சீதனத்தையும் எதிர்த்தது. 1927இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. அதே பேரின்பநாயகம் பின்னர்க் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அவரை எப்பரம்பரையிற் சேர்ப்பது என்று பெரியப்பாவிடம் கேட்டால், அவர் பேச்சை மாற்றுகிறார்.

சென்ற ஞாயிறும் பெரியப்பா வந்தார். மகள் அவர் மடியில் ஏறி அமர்ந்தாள். அவளுக்கு ஞானஸ்நானம் வேண்டுமா என்பதை அவளே ஒருநாள் சொல்லட்டும் என்றேன். அதுவரை வேதத்தை நான் கற்பிப்பேன். கல்வளைப் பிள்ளையாரையும் காட்டுவேன். மாமியின் கதையையும் ஒளிக்காமற் சொல்வேன் என்றேன்.

"மாமியின்ரை கதையோ? அது பிள்ளைக்கு என்னத்துக்கு?" என்றார்.

"உறுதியிலை கடனையும் எழுதவேணுமெல்லோ, பெரியப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் ஆறும்வரை பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். புறப்படும்போது, மாமியின் படம் ஏதேனும் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பெட்டகத்திலேயே இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.