ஏமாந்த அதிகாரிக்கு மன்னிக்கும் உரிமை உண்டா?

தாசில்தாரிடம் பொய் சொல்கிறவன் யாரை ஏமாற்றுகிறான்? தாசில்தாரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கோப்பை எடுப்பார். அவர் வீட்டில் ஒரு மணி அரிசி குறையாது. குறைவது அந்த அறையிலேயே இல்லாத ஒருவருக்கு. அதிகாரியிடம் சொல்லும் பொய்யை மற்றப் பொய்களைவிடக் கொடிய பாவமாக நான் கருதுவது அதனால்தான்.

எனக்கு ஊர் வளையமாதேவி. மனு எழுதிக் கொடுப்பது தொழில். 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இயந்திரங்கள் எங்கள் நெல் வயலில் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். நிற்கிற பயிர் எங்களுடையது என்றார்கள் விவசாயிகள். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மண்ணுக்கு இழப்பீடு வரும் ஊரில் காகிதத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. பட்டா, அடங்கல், வாரிசுச் சான்று என்று எதிலாவது பெயர் விடுபட்டால் பங்கும் விடுபடும்.

தகப்பன் தவறிப்போன ஒரு பையன் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் எழுத என்னிடம் வந்தான். அவன் நீட்டிய துண்டுச்சீட்டில் அம்மா, அவன், தம்பி என்று மூன்று பெயர்.

“அக்கா பேரு எங்கடா?”

“அதான் முப்பது பவுன் போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே பெரியப்பா. அது பேரு எதுக்கு?”

“உங்கப்பன் பாயில கெடந்தப்ப வந்து பீ மூத்திரம் அள்ளுனது யாரு?”

அவன் பேசவில்லை. “அவளுக்குப் பங்கு வேணாம்னா விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கட்டும். அது அவ இஷ்டம். அப்படி ஒருத்தி இல்லவே இல்லன்னு தாசில்தார்கிட்ட எழுதிக் குடுக்கறது உன் இஷ்டம் கிடையாது” என்றேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

வேறு யாரையாவது வைத்து எழுதித் தாசில்தாரிடம் கொடுத்திருந்தால்? 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே 182-ஆம் பிரிவு இருந்தது. உண்மை தெரிந்திருந்தால் செய்யமாட்டாத ஒன்றை அரசு ஊழியர் செய்யும்படி பொய்த்தகவல் தருவது குற்றம். அவருடைய அதிகாரத்தை இன்னொருவருக்குக் கேடாகத் திருப்புவதும் குற்றம். ஒருவர் வீட்டில் கள்ள உப்பு இருக்கிறது என்று புளுகுவதையும், இன்ன ஊர்ப் பக்கம் வழிப்பறி நடந்தது என்று புளுகி அந்த ஊருக்கே போலீஸ் தொல்லை வரவழைப்பதையும் சட்டமே உதாரணமாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு. ஆறு மாதமாக இருந்த சிறை ஓராண்டு வரை ஆயிற்று. ஆயிரமாக இருந்த அபராதம் பத்தாயிரம் வரை ஆயிற்று.

ஆனால் இந்தப் பிரிவில் வழக்கு நடக்க வேண்டுமானால், ஏமாந்த அதிகாரியோ, அவருக்கு மேலுள்ளவரோ, அவர் அதிகாரம் அளித்த வேறோர் அரசு ஊழியரோ எழுத்துமூலம் புகார் தர வேண்டும். பங்கு இழந்த அக்கா நேரே நீதிமன்றத்தில் இந்தக் குற்றத்தைச் சாட்ட முடியாது. இழந்தவள் ஒருத்தி, வாய் திறக்க வேண்டியவர் இன்னொருவர்.

ஏமாறாமல் சோதித்துப் பார்த்த சபை ஒன்றின் கதையும் உண்டு. எங்கள் மாவட்டத்து மணம்வந்த புத்தூரில் சுந்தரரின் கல்யாணத்தைத் தடுத்த கிழவரை எல்லோருக்கும் தெரியும். இவன் என் அடிமை என்று ஓலை காட்டினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. அங்கே நடந்ததாகச் சேக்கிழார் சொல்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். வழக்காறா, ஆவணமா, அயலார் சாட்சியா, எதைக் கொண்டு நிறுவுகிறீர் என்று கேட்கிறார்கள். கிழிந்தது படி ஓலை. மூல ஓலையை எடுத்துக் காட்டுகிறார் கிழவர். அதில் இருந்த சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தைக் காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பு. வந்தவன் சிவபெருமான். அவனே சபையைக் கடந்து போகவில்லை. மெய்யான ஓலையோடு வந்து, சோதித்துப் பார்க்கச் சபைக்கு இடம் கொடுத்தான். நம் பக்தி மரபில் தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு இருக்கும் மதிப்பு இது.

பெரியவர்கள் எவ்வளவோ பொய் சொல்கிறார்கள், ஏழை ஒரு சான்றிதழுக்காகச் சொல்லக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவர்களுக்கும் விலக்கில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே பீமன்தாங்கலில் அரசு நிலத்துக்குத் தனியார் உரிமை கொண்டாடி, 20 கோடி ரூபாய்க்கு மேல் நெடுஞ்சாலை இழப்பீடு வாங்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்து சிபிசிஐடி விசாரித்தது. அது உண்மையானால் அங்கே இழந்தவர் நாம் எல்லோரும். வள்ளுவர் பொய்க்கு இடம் கொடுத்தாரே என்றும் சொல்வார்கள். குற்றமற்ற நன்மை தந்தால் மட்டுமே என்று அவர் கட்டியிருக்கும் வேலியை மறந்துவிடுகிறார்கள். கூடப் பிறந்தவளை இல்லாமல் ஆக்கும் பொய்யில் குற்றமற்ற நன்மை எங்கே இருக்கிறது?

பொய் வெளிப்பட்ட பிறகும், ‘போகட்டும், குடும்ப விவகாரம்’ என்று கோப்பை மூடும் அதிகாரி தம்மை இரக்கமுள்ளவர் என்று நம்பலாம். தனக்கு இழைத்த தீங்கை மன்னிப்பது அறம். அடுத்தவருக்கு இழைத்ததை மன்னிக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? அதிகாரியிடமிருந்து திருடப்பட்டது ஒரு கையெழுத்து மட்டும்தான். அக்காவிடமிருந்து திருடப்பட்டது தகப்பன் சொத்து. புகார் எழுதும் உரிமையைச் சட்டம் அதிகாரிகள் தரப்புக்கு மட்டும் கொடுத்திருப்பதாலேயே, அதை எழுதுவது அவர்களுக்குக் கடமையாகிறது.