குப்பையும் சற்காரியவாதமும்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி என்பது நம் சித்தாந்தத்தின் முடிந்த முடிபு. அநாதியே ஆணவத்தாற் கட்டுண்டு கிடக்கும் உயிர்கள்மேல் வைத்த பெருங்கருணையினாலே, முதல்வன் மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் தோற்றுவித்து அவற்றிற்கு உதவுகின்றான். நாம் உடுக்கும் ஆடையும், உண்ணும் சோறும், நீர் முகக்கும் குடமும், கையிற் கொள்ளும் பையும் இந்நான்கனுள் அடங்குவனவே. இருளில் இருப்பானுக்கு விடியுமளவும் விளக்கு உதவுமாறு போல, மாயையின் காரியமாகிய இப்பொருள்கள் மலபரிபாகம் வருமளவும் உயிர்க்கு உதவுகின்றன. இதனைக் கற்றோர் யாவரும் அறிவர். அறிந்த இவ்வுண்மையினின்றும் ஒரு வினா எழுகின்றது. ஒரு பொருளால் நமக்கு ஆகும் பயன் முடிந்தபின்னர், அப்பொருள் திறத்திலும் அதனைத் தந்த முதல்வன் திறத்திலும் நாம் செய்யக்கடவது யாது?

குப்பையைப் பற்றிய பேச்சு மாநகராட்சியார்க்கும் சுகாதாரத் துறையார்க்கும் உரியதன்றிச் சைவநூல் ஆராயும் ஏட்டிற்கு ஏலாது எனச் சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாமையை ஈண்டு ஆராய்வாம்.

முன் இல்லாததொன்று புதிதாகத் தோன்றுதலும், உள்ளதொன்று முற்றும் இன்றாதலும் கூடா என்பது சற்காரியவாதம். குடம் மண்ணிலே சூக்குமமாய் இருந்தது. உடைந்துழி ஓடாய், ஓடு தேய்ந்துழி மண்ணாய் நிற்கும். தோற்றமென்பது விளங்குதல், அழிவென்பது ஒடுங்குதல். இக்கொள்கையைத் துணைக்கொண்டே நையாயிகருடைய அசற்காரியவாதத்தை நம்மனோர் மறுத்து வந்தனர். ஆயினும், வாதமேடையில் இத்துணை உறுதியாக நிலைநாட்டும் கொள்கையைக் குப்பைத்தொட்டியின் முன்னர் நின்றவளவிலே கைவிட்டு விடுகின்றோம். பையை எறிந்தவன் 'பை ஒழிந்தது' என்கின்றான். எவ்வாறு ஒழியும்? உள்ளது ஒழியாது என்பதன்றோ நம் துணிபு? சற்காரியவாதிக்கு எறிதலென்பது இடமாற்றுதலே. தன் வாயிலினின்றும் அகற்றியது மற்றொருவர் வாயிலை அடைந்தே தீரும்.

அடையும் இடம் யாதெனின், சென்னை மாநகரத்தை நோக்குக. இந்நகரில் நாள்தோறும் சேரும் குப்பை 5000 டன்னுக்கு மேற்பட்டது. வடபழனி முதலாகிய தென்பகுதிகளின் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடியிற் கொட்டப்பட்டு வந்தது. அந்தக் குப்பைமேடு வெற்றிடத்தில் எழுந்ததன்று. பறவைகளும் மீன்களும் வாழும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் எழுந்தது. 2022 ஏப்பிரல் மாதத்தில் அம்மேடு தீப்பற்றி நாட்கணக்கிற் புகைந்தது. சுற்றிலும் வாழ்ந்த மக்கள் அப்புகையையே மூச்சாக உட்கொண்டனர். அவ்வாண்டிலேயே அச்சதுப்பு நிலம் இராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகளாவிய சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. பழங்குப்பையைத் தோண்டிச் சலித்துத் தரம் பிரிக்கும் பணியும் அங்கே மேற்கொள்ளப்பட்டது. அங்ஙனம் பிரிக்குங்கால் இலையும் சோறும் மலரும் மண்ணாய் ஒடுங்கியிருக்க, பிளாஸ்டிக் உறைகள் எறிந்த உருவத்திலேயே வெளிப்படுதல் எவரும் அறிந்தது. தன் காரணத்தில் விரைந்து ஒடுங்குவதும், நெடுங்காலம் ஒடுங்க மாட்டாததும் என மாயையின் காரியங்களுள் வேறுபாடு உண்டென்பதை, ஒரு பொருளை வாங்குமுன்னரே கருதுதல் வேண்டும்.

இனி, கோயில் வழிபாட்டோடு இஃது இயையுமாற்றைக் காண்பாம். வடபழனி ஆண்டவர் திருக்கோயில் இன்று பெருங்கோயிலாய் விளங்கினும், அதன் தொடக்கம் மிக எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்ணாசாமி நாயக்கர் என்னும் அன்பர் ஒரு கீற்றுக்கொட்டகையிற் பழநியாண்டவர் திருவுருவப் படத்தை வைத்து வழிபட்டதே அதற்கு வித்து. அவர்க்குப் பின்னர் இரத்தினசாமிச் செட்டியாரும் பாக்கியலிங்கத் தம்பிரானும் அத்திருப்பணியை வளர்த்தனர். கீற்றும் படமுமே அவ்வழிபாட்டிற்குப் போதியவாயின. இப்பொழுது கிருத்திகை நாட்களிலும் முகூர்த்த நாட்களிலும் அங்குக் கூடும் கூட்டம் அளவிறந்தது. 1996-ஆம் ஆண்டில் கொத்தவால்சாவடியினின்றும் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்ட பெருஞ்சந்தை அணித்தாகவே உளது, மலர்க்குக் குறைவில்லை. அம்மலரை வாழைநாரிற் கட்டி இலையிற் பொதிந்து தருதல் பழைய வழக்கு. அதனைப் பாலித்தீன் உறையிலிட்டு வாங்கி, மலரைச் சந்நிதியிற் கொடுத்துவிட்டு, உறையைத் தெருவில் விடுதல் பிற்காலத்து வழக்கு. பூ விற்கும் அம்மையார்மேற் பழி சுமத்துதல் முறையன்று. கையில் ஒன்றுங் கொணராது வந்து உறை கேட்பவர் நாமே.

இறைவனுக்குச் சாத்திக் களைந்த மலர் நிர்மாலியம் எனப்படும். அதனை மிதித்தலும் கடத்தலும் ஆகா என நூல்கள் விலக்கின. புட்பதந்தன் என்னும் கந்தருவன் நிர்மாலியத்தை மிதித்தமையால் வான்வழிச் செல்லும் ஆற்றலை இழந்தான் என்னும் வரலாற்றை யாவரும் அறிவர். உறையோடு கட்டுண்டு தெருவிற் கிடக்கும் மாலையை மிதியாது செல்ல இன்று எவரால் இயலும்? வடபழனியிலேயே வேங்கீசுவரர் திருக்கோயிலும் உளது. புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம் அஃது என்பர். வண்டு தீண்டாத மலரைக் கொய்தற்பொருட்டுப் புலிக்காலும் புலிக்கையும் வேண்டிப் பெற்றவர் அம்முனிவர். மலரைக் கொய்தற்கு அவர் பட்ட பாடு அத்தகையதாக, கொய்த மலரைக் கழிக்கும் திறத்தில் நமக்குச் சிறிதும் கவலையில்லையாயின், அவர் வழிபட்ட சந்நிதியில் நிற்றற்கு நாம் எங்ஙனம் தகுதியுடையோம்?

இன்னுமொன்று கூறுதும். திருநீறு யாதிலிருந்து ஆவது? ஆவின் சாணத்திலிருந்து. உலகத்தார் கழிவென்று ஒதுக்கும் பொருளை எடுத்து, தீயிலிட்டுத் தூய்தாக்கி, நெற்றியில் அணிதல் நம் சமயத்தின் தலையாய சின்னம். கற்பம், அநுகற்பம், உபகற்பம் என அதனை வகுத்து, எடுக்கும் முறையும் கூறினர் முன்னோர். அந்த ஆவின் நிலை இப்பொழுது யாது? 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றினின்றும் 52 கிலோ பிளாஸ்டிக் அறுவை செய்து எடுக்கப்பட்டது. உணவின் மணங்கமழும் உறையை உணவென்றே கருதிப் பசு விழுங்குகின்றது. திருநீற்றைத் தரும் உயிருக்கு, அத்திருநீற்றை அணிந்த கையே நஞ்சை இடுகின்றது. கொல்லாமையைத் தலைக்கொண்ட சைவர்க்கு இதனினும் நாணத்தக்கது வேறென்னை?

ஈண்டு இரண்டு தடைகள் எழும்.

முதலாவது: 'பொருள்களெல்லாம் பாசமாகலின் அவற்றைப் பற்றாது விடுதலே துறவு. பழந்துணியையும் ஓட்டையும் காத்து வைத்தல் பற்றினை வளர்ப்பதன்றோ?' எனின், அற்றன்று. துறவாவது எனதென்னும் செருக்கை விடுதல். பொருளைக் கண்டவிடத்து எறிதல் அன்று. 'என் பணத்தால் வாங்கினேன், என் விருப்பப்படி எறிவேன்' என்பவன் அப்பொருளை விட்டும் எனதென்பதனை விட்டானல்லன்; அழிக்கும் உரிமையும் தனக்கு உண்டெனக் கொண்டமையின் அச்செருக்கு முதிர்ந்ததேயாம். பொருள் முதல்வனது, தான் அதனைச் சிறிதுகாலம் கையாளும் அடியான் எனக் கருதுபவனே உண்மையில் விட்டவன். சண்டேசர் சந்நிதியில் நாம் கையைத் தட்டிக் காட்டுதல், சிவனுடைமை எதனையும் யாம் கவர்ந்து செல்கின்றிலேம் என்பதற்கு அறிகுறி என்பர். கோயிலுக்குள்ளே இருப்பது மட்டுமோ சிவனுடைமை? ஆறும் நிலமும் காற்றும் அவன் உடைமை அல்லவோ? அவற்றைக் கெடுத்த கையைத் தட்டிக் காட்டி ஆவது என்?

இரண்டாவது: 'இறைபணியிலும் அன்னம் பாலிப்பிலும் செட்டுப் பேசுதல் உலோபமாகும், நிறையச் செய்தலே அன்பு' எனின், நிறையச் செய்தல் வேறு, வீணாகச் செய்தல் வேறு. நூறு பேர்க்கு அன்னம் இடுதல் நிறைவு. ஐம்பது பேர் உண்ண நூறு பேர்க்குச் சமைத்து எஞ்சியதைச் சாக்கடையில் விடுதல் வீண். உலோபி பிறர்க்கு ஆகவேண்டியதைத் தடுக்கின்றான்; வீண் செய்வோனும் பிறர்க்கு ஆகவேண்டியதைக் கெடுக்கின்றான். ஆகலின் இருவரும் ஓரினத்தவரே. மேலும், மீளப் பயன்கொள்ளுதல் வழிபாட்டிற்கு இழுக்கென்பதும் இல்லை. ஏனை மலர்கள் ஒருமுறை சாத்தியபின் மீளச் சாத்தற்கு உரியவல்ல. வில்வமும் பொன்மலரும் நீராற் கழுவி மீளவும் சாத்தற்கு உரியனவாகக் கொள்ளப்படும். எது மீளற்பாலது, எது மீளற்பாலதன்று என்னும் ஆராய்ச்சி வழிபாட்டு முறையிலேயே அடங்கியிருத்தலை இதனால் அறிக.

இனி, குப்பையாவது யாது? நிறமும் சுவையும் போலக் குப்பைத்தன்மை என்பதொரு குணம் பொருளின்கண் உளதோ எனின், இல்லை. பயன் அறியப்படாத பொருளையே குப்பை என்கின்றோம். குறை அறிவின்கண் உள்ளது. இதற்கு மடங்களும் கோயில்களும் மறத்தற்கரிய சான்று உடையன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிற் கிடந்த பழைய ஏடுகள் சிதைந்தவை எனக் கருதப்பட்டு நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டமையை அறிந்து வருந்தினார் மகாமகோபாத்தியாயர் சாமிநாதையர். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட சுவடிகளும் உண்டு. எறிந்தோர் தீயரல்லர், விதிப்படி செய்கின்றோம் என்றே எண்ணினர். அவர்க்குக் குப்பையாய்த் தோன்றியது தமிழ்நாட்டிற்குத் தேடற்கரிய செல்வம். ஆணவமறைப்புடைய உயிர், தனக்குப் பயனின்றென்று தோன்றியவளவிலே ஒன்றனைப் பயனிலது என்று துணிதல் எத்துணைத் தீங்காகும் என்பதற்கு இவ்விழப்பே போதிய சான்று. ஆதலின் எறியுமுன் ஒரு கணம் நின்று, இஃது எவர்க்கு எவ்வாற்றாற் பயன்படும் என ஆராய்தல் அறிவுடையார் கடன்.

அவ்வாராய்ச்சி அன்றாட வாழ்வில் மூன்றிடத்து நிகழ்தல் வேண்டும்: வாங்குமுன், வைத்திருக்குங்கால், பயன் முடிந்தபின்.

வாங்குமுன், இது தேவையோ என வினவுக. ஆடித் தள்ளுபடியில் தியாகராயநகர்க் கடைகளில் விலை குறைந்ததென்னும் ஒன்றே பற்றி மூன்று ஆடை வாங்குபவர், தேவை ஒன்றாயின் இரண்டினை இழந்தவரே. பலசரக்குக் கடைக்குப் பையும், எண்ணெய்க்குத் தூக்கும், தயிருக்குப் பாத்திரமும் கொண்டு செல்க. திருக்கோயிலுக்கு ஒரு பூக்கூடை கொண்டு செல்க. வைத்திருக்குங்கால், பழுது பார்த்துப் பயன்கொள்க. பித்தளைக் கலத்திற்கு ஈயம் பூசுவோரும், குடையும் செருப்பும் தைப்போரும் நம்மால் வாழ்வோர். நாமும் அவரால் வாழ்வோம். பயன் முடிந்தபின், பழைய வேட்டி கைத்துணியும் விளக்குத்திரியும் ஆகும்; காகிதம் பழைய காகிதக் கடைக்கு ஆகும்; தேங்காய் நார் பாத்திரம் துலக்க ஆகும்; காய்த்தோலும் வாடிய மலரும் ஒரு தொட்டியிலிட்டு மண் தூவி வைப்பின் செடிக்கு எருவாகும். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் கலவாது தருதல், அதனைத் தம் கையாற் பிரிக்கும் தொழிலாளர்க்கு நாம் காட்டும் குறைந்தபட்ச மரியாதை. கிழிந்ததை ஏழைக்குக் கொடுத்துவிட்டு அறஞ் செய்தோம் என எண்ணுதல் மட்டும் ஆகாது. நாம் உடுக்க நாணுவதைப் பிறர்க்கு ஈதல் எறிதலின் வேறன்று.

அரசும் இவ்வழியில் ஆவன செய்துளது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடுக்கப்பட்டன. 2021 திசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டில், பத்து ரூபாய் இட்டால் துணிப்பை தரும் பொறியும் கோயம்பேட்டுச் சந்தையில் வைக்கப்பட்டது. திருமணத்தில் தாம்பூலத்தோடு தரும் மஞ்சட்பை நம் மக்களுக்குப் புதியதன்று. ஆயினும், பருத்தி விளைதற்கும் நெய்தற்கும் நீரும் உழைப்பும் மிகவும் வேண்டும். வீட்டில் முப்பது துணிப்பை குவித்து, நாள்தோறும் ஒன்று புதிதாய் வாங்குவோர் பெயரளவில் மாறினரேயன்றிச் செயலளவில் மாறினாரல்லர். ஒரே பையைப் பலகாலம் கொண்டு செல்லுதலிலேயே அதன் சிறப்பு அமைந்துளது. சட்டம் புறத்தே நின்று கையைத் தடுக்கும்; உள்ளே நின்று மனத்தைத் திருப்புவது ஒழுக்கமே. அவ்வொழுக்கத்தைக் கற்பிக்கும் கடன் சமயத்தாருடையது.

இக்கடனில் திருமடங்கள் முற்படுதல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். குருபூசைகளிலும் மகேசுவர பூசையிலும் இலையும் தொன்னையும் மண்கலமும் நம் பழைய உரிமைகள். அவற்றை விட்டுப் பிளாஸ்டிக் குவளையை நாடவேண்டுவதில்லை. வருவோர் தொகையை முன்னறிந்து சமைத்தலும், பந்தியில் கேட்டு இடுதலும், எஞ்சிய அன்னத்தை அன்றே பசித்தார்க்குச் சேர்ப்பித்தலும், இலைகளை ஆவிற்கும் எருவிற்கும் ஆக்குதலும் அரியவல்ல. மடங்களிற் கண்டதை அடியார்கள் இல்லங்களிற் செய்வர். ஆயிரம் சொற்பொழிவினும் ஒரு பந்தியின் ஒழுங்கு மிகுதியும் கற்பிக்கும்.

மாயை முதல்வனுக்குப் பரிக்கிரக சத்தி. அதன் காரியங்களை அவன் நமக்குத் தந்தது கடனாக, விலைக்கு அன்று. கடனாகப் பெற்றதைக் கெடாது ஆண்டு, அடுத்தவர்க்கு ஆம் வண்ணம் திருப்பித் தருதல் நன்றியுடையார் இயல்பு. உள்ளது ஒழியாது என்று நூலிற் படித்த நாம், அவ்வுண்மையைத் தெருவிலும் சந்தையிலும் சந்நிதியிலும் மெய்ப்பித்து ஒழுகத் திருவருள் துணைநிற்பதாக.