குப்பைத்தொட்டிக்கு ஒரு புகார், கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

ஓம் சரவணபவ!



'மகாராஜா' (2024) படத்தை நம்மில் நிறைய பேர் பார்த்திருப்போம். நித்திலன் சாமிநாதன் இயக்கிய, விஜய் சேதுபதியோட 50-வது படம். (முடிவைச் சொல்லப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க.)

சலூன் வச்சிருக்கிற ஒருத்தர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், லட்சுமியைக் காணோம்னு புகார் கொடுக்கிறார். லட்சுமி ஒரு இரும்புக் குப்பைத்தொட்டி! எல்லாரும் சிரிக்கிறாங்க, அடிக்கிறாங்க. அவர் நகரவே இல்லை. மெதுவா சூடேறுற கதை, கடைசியில் செல்வத்துக்கு ஒரு உண்மையைக் காட்டுது. பழிவாங்குறதா நினைச்சு அவன் சிதைச்சது தன் சொந்த மகளோட வாழ்க்கையை. அதுக்கு மேல அவனுக்கு வேற தண்டனை தேவைப்படலை.

'பாபநாசம்' (2015) படத்துல சுயம்புலிங்கம் போலீஸ்கிட்ட மாட்டவே இல்லை. ஆனாலும் இறந்த பையனோட அப்பா அம்மா முன்னாடி, ஆத்தங்கரையில உடைஞ்சு நிற்கிறார். சட்டத்துக்குத் தப்பலாம், மனசாட்சிக்குத் தப்ப முடியாது.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்க சூளை வைக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. சரியா காயாத மண்ணுல ஈரம் ஒளிஞ்சிருந்தா வெளியில தெரியாது. சூளையில் சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பொம்மையையே உடைச்சிடும். மறைச்ச வினையும் அப்படித்தான்.

அதே விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூர்ல நம்ம முருகன் கொளஞ்சியப்பரா இருக்கார். வேலும் மயிலும் ஏந்திய உருவம் இல்லை. பலிபீட வடிவில் சுயம்பு. அநியாயம் நடந்தவங்க இங்க பிராது கட்டுவாங்க. நடந்ததைத் தாள்ல மனுவா எழுதி, அப்பன் பாதத்துல வச்சு, முனியப்பர் சன்னதியில கட்டிட்டு வருவாங்க. குறை தீர்ந்ததும் திரும்ப வந்து வாபஸ் வாங்குவாங்க.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க.

ஒண்ணு, கட்டிட்டுக் கிளம்பிடணும். கேஸ் இப்போ அவர்கிட்ட. பணத்தை வாங்கி ஏமாத்தின நண்பனைத் திட்ட ஃபேக் ஐடி ஆரம்பிக்கிறது, பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் குரூப்புல போட்டு அசிங்கப்படுத்துறது, இதெல்லாம் நீதிபதி கையில இருந்து கேஸைப் பிடுங்குற வேலை. செல்வம் அதைத்தான் செஞ்சான். தீ அவன் வீட்டுக்கே திரும்புச்சு. போலீஸ்ல புகார் கொடுக்க வேண்டியதைக் கண்டிப்பா கொடுங்க, அதுவும் நியாயமான வழிதான். பழியை மட்டும் கையில எடுக்காதீங்க.

ரெண்டு, எழுத உட்கார்ந்தா நம்ம பக்கத்துத் தப்பும் பேனா முனைக்கு வந்து நிற்கும். மனுஷன்கிட்ட மறைக்கலாம், கொளஞ்சியப்பர்கிட்ட பொய் எழுத யாருக்குக் கை வரும்?

அப்போ தப்பு செஞ்சவன் கதி? சூரபத்மனை நினைச்சுக்கோங்க. அத்தனை பேரைக் கொடுமைப்படுத்தினவன். வேல் அவனைப் பிளந்தது உண்மை. ஆனா அழிச்சுத் தூக்கிப் போடலை. மயிலாவும் சேவலாவும் ஆக்கி, வாகனமாவும் கொடியாவும் பக்கத்துலயே வச்சுக்கிட்டார். நம்ம அப்பனோட தண்டனை அப்படிப்பட்டது.

அதனால மனசுல ஈரம் ஒளிஞ்சிருக்கிறவங்க சூளைக்குக் காத்திருக்க வேண்டாம். யாரைக் காயப்படுத்தினோமோ அவங்களுக்கு இன்னைக்கே போன் பண்ணுங்க. வாங்கின பணம் இருந்தா திருப்பிக் கொடுங்க. அப்புறம் கோயிலுக்குப் போங்க. விபூதி இன்னும் குளிர்ச்சியா இருக்கும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

கோபத்துல இருக்கிற ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்க.