கொன்றது பாம்பா?

"பாம்பு கடித்தது, மாண்டான்" - ஒரே வரியில் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறது ஊர். "அவன் தலைவிதி அவ்வளவுதான்" என்று அதற்கு முத்திரையும் குத்திவிடுகிறது. குற்றவாளி பாம்பு, நீதிபதி விதி, வழக்கு முடிந்தது! முடிந்துபோனதாகக் கருதப்படும் அந்த வழக்கை மீண்டும் எடுத்து விசாரித்தாக வேண்டும் என்கிறோம் நாம். கடித்தது பாம்பு என்பதை மறுப்பார் இல்லை. கொன்றதும் பாம்புதானா என்பதே கேள்வி.

அந்தி மயங்கும் நேரம். வரப்பிலே நடந்து வருகிறான் ஓர் உழவன் - கையிலே விளக்கில்லை, காலிலே செருப்பில்லை. கண்ணாடி விரியன் தீண்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கயிறு தேடிக் காலை இறுக்கிக் கட்டுவதிலே கழிகிறது முதல் அரை மணி நேரம். பார்வை பார்ப்பவரின் வீட்டுத் திண்ணையிலே கழிகிறது அடுத்த ஒரு மணி நேரம். வேப்பிலை அசைகிறது; உதடு முணுமுணுக்கிறது; மிளகை மெல்லச் சொல்லி, "காரம் தெரிகிறதா?" என்று கேட்கிறார்கள். பிறகுதான் வண்டி தேடுகிறார்கள். மருத்துவமனை வாயிலை அடையும்போது பல் ஈறிலே குருதி கசிகிறது. சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கிவிட்டது. "இன்னும் முன்னதாகக் கொண்டுவந்திருந்தால்..." என்கிறார் மருத்துவர்.

அந்த 'முன்னதாக' என்ற நேரத்தைத் திருடியவர் யார்? பாம்பு திருடவில்லை, தோழர்களே! பாம்பு எடுத்துக்கொண்டது ஒரு நொடி. மற்ற மணிகளையெல்லாம் எடுத்துக்கொண்டவர்கள் மனிதர்கள்.

"பார்வை பார்த்துப் பிழைத்தவர்கள் பல பேர் இருக்கிறார்களே! கண்ணாரக் கண்டோமே!" என்பர். கண்டது உண்மை, கொண்ட முடிவுதான் பொய். கொம்பேறி மூக்கனைப் பற்றி நாட்டிலே வழங்கும் கதையை அறிவீர்கள். கடித்துவிட்டு மரத்தின் உச்சியில் ஏறி, சுடுகாட்டிலே புகை எழுகிறதா என்று பார்த்திருக்குமாம் அது! உண்மை என்ன? கொம்பேறி மூக்கனால் மனிதனுக்கு நஞ்சேறுவதில்லை. சாரைக்கும் நஞ்சில்லை, குளத்தங்கரையிலே காணும் தண்ணீர்ப் பாம்புக்கும் நஞ்சில்லை. இவை கடித்தவனுக்கு மந்திரம் ஓதினாலும் பிழைப்பான். பெருக்கல் வாய்ப்பாட்டை ஒப்பித்தாலும் பிழைப்பான். நஞ்சுள்ள பாம்பேகூடக் கடிக்கும் ஒவ்வொரு முறையும் நஞ்சைச் செலுத்துவதில்லை. ஆகவே, பிழைக்க இருந்தவனையெல்லாம் தன் கணக்கிலே வரவு வைத்துக்கொள்கிறது மந்திரம். மாண்டவனையோ விதியின் கணக்கிலே செலவு எழுதிவிடுகிறது. பிழைத்தவன் ஊரெங்கும் சென்று சாட்சி சொல்கிறான். மாண்டவன் எழுந்து வந்து சாட்சி சொல்வதில்லை. ஒரு பக்கத்துச் சாட்சிகளை மட்டுமே கேட்டுத் தீர்ப்பு வழங்கும் மன்றத்தை நீதிமன்றம் என்போமா?

நாய்க்கடியிலும் இதே கணக்குத்தான். கடிக்கும் நாய்கள் எல்லாம் வெறிநாய்கள் அல்ல. வெறியற்ற நாய் கடித்தவனுக்குப் பச்சிலைச் சாறு ஊற்றியவர் பெரிய வைத்தியராகிறார். அந்தப் புகழை நம்பி, உண்மையிலேயே வெறிநாய் கடித்த சிறுவனையும் அவரிடமே அழைத்துச் செல்கிறாள் தாய். தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை தோன்றிவிட்டால் அச்சிறுவனைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. கடித்த உடனே, ஓடும் நீரிலே சோப்பிட்டுப் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, மருத்துவமனைக்கு ஓடி, தடுப்பூசியைத் தவணை தவறாது போட்டிருந்தால் பிழைத்திருப்பான்.

இங்கேதான் எழுகிறது அறநெறிக் கேள்வி. "நம்பிக்கை அவரவர் உரிமை, அதிலே தலையிட நீ யார்?" என்று கேட்கின்றனர். உரிமை என்பதை ஒப்புகிறோம். தன் நெற்றியிலே எதைப் பூசுவது, தன் வீட்டிலே எதைத் தொழுவது என்பது ஒருவனுடைய உரிமை. ஆனால், கடிபட்டுக் கிடக்கும் குழந்தையின் அரை மணி நேரம் எவனுடைய உரிமை? அது தந்தையின் சொத்தன்று. ஊர்ப் பெரியவரின் மானியமன்று. அந்தக் குழந்தையின் உயிர்! தன் நம்பிக்கைக்குத் தானே விலை கொடுப்பவனோடு நாம் வாதாடலாம். தன் நம்பிக்கைக்குப் பிறர் உயிரை விலையாகக் கொடுப்பவனைத் தடுத்தே ஆகவேண்டும்.

மருந்து பிறந்த வரலாற்றைப் பாருங்கள். 1890களிலே, பிரெஞ்சு அறிஞர் ஆல்பெர்ட் கால்மெட், விலங்குகளுக்குச் சிறிது சிறிதாக நாக நஞ்சை ஏற்றி, அவற்றின் குருதியிலே உண்டாகும் எதிர்ப்பாற்றலை மருந்தாக்கினார். அது எல்லாப் பாம்புக்கடிக்கும் உதவும் என்று கருதினார். இல்லை, ஒவ்வொரு வகை நஞ்சுக்கும் ஏற்ற மருந்து வேண்டும் என்று மெய்ப்பித்தார் பிரேசில் நாட்டு மருத்துவர் விட்டால் பிரசில். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தார்; மருந்து வளர்ந்தது. மந்திரமோ, வெளியே சொன்னால் பலிக்காதாம்! மருந்து, வெளியே சொல்லிச் சோதனைக்கு நின்றால்தான் மருந்து.

இன்று நம் நாட்டு நஞ்சு முறிவு மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டு குதிரைகளின் உதவியால் ஆக்கப்படுகிறது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலே வாழும் குழிவிரியனின் நஞ்சுக்கு இது பயன்படுவதில்லை என்பதையும் மருத்துவ உலகமே ஒளிக்காமல் கூறுகிறது. தன் எல்லையைத் தானே சொல்வது அறிவு. எல்லையே இல்லை என்பது ஏமாற்று.

அந்த நஞ்சை எடுத்துத் தருபவர் யார்? மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியிலே, 1978இல் தொடங்கப்பட்டது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஒரு காலத்திலே தோலுக்காகப் பாம்பு பிடித்த அந்த மக்கள், 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அத்தொழிலை இழந்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்சு மட்டும் எடுத்துக் காட்டிலேயே விட்டுவிடும் கலையிலே வல்லவராயினர். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்டவர் எடுத்துத் தந்த நஞ்சிலே பிறந்த மருந்து, உயர்ந்தவன் என்று தன்னைக் கூறிக்கொள்பவனின் நரம்பிலும் ஏறி உயிர் காக்கிறது. நஞ்சுக்கும் சாதி தெரியாது, மருந்துக்கும் தெரியாது.

ஆனால், மந்திரவாதியைப் பழித்துவிட்டு மார்தட்டிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? 2011இல் வெளிவந்த ஆய்வு, 2005ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவிலே ஏறத்தாழ 46,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாகக் கணக்கிட்டது. அந்தச் சாவுகளிலே 97 விழுக்காடு சிற்றூர்களில். 77 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே. 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர் என்றது 2020இல் வந்த ஆய்வு. உழுபவன், களை பறிப்பவள், தரையிலே படுப்பவன் - இவர்கள்தாம் மாள்கிறார்கள். நள்ளிரவிலே ஏழைக்குத் திறந்திருக்கும் கதவு மந்திரவாதியின் கதவு என்றால், குற்றம் ஏழையினுடையதா? விளக்கில்லாத பாதையும், வண்டி வராத ஊரும், மருந்து இருப்பில்லாத மருத்துவமனையும்கூட இந்த வழக்கிலே குற்றவாளிக் கூண்டிலே நிற்க வேண்டியவையே. 2024இல் தமிழ்நாட்டு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. கடிபட்டவர்களின் கணக்கு இனி அரசின் கைக்கு வந்தாக வேண்டும். நல்ல தொடக்கம். அந்தக் கணக்கைக் கேட்டு நிற்பது நம் வேலை.

கேலி எளிது, தோழர்களே, கடமை கடினம். உங்கள் படிப்பகத்திலே, மன்றத்திலே, தெருமுனையிலே இவற்றைச் சொல்லுங்கள். கடித்த இடத்தைக் கீறாதீர். வாய் வைத்து உறிஞ்சாதீர். இறுகக் கட்டாதீர் - இறுகிய கட்டு குருதியோட்டத்தை நிறுத்தி, காலையே இழக்கச் செய்யும். மோதிரம், வளையல், கொலுசை உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்தபின் அவை விலங்காகும். எலும்பு முறிந்தவனைப் போலக் கருதி, கடிபட்ட உறுப்பை மட்டை வைத்து அசையாமல் நிறுத்தி, நடக்கவிடாது தூக்கிச் செல்லுங்கள். பாம்பைத் துரத்திக் காலத்தைப் போக்காதீர், 108ஐ அழையுங்கள். தரையிலே உறங்கியவன் விடியலிலே வயிற்றுவலி என்று எழுந்து, இமை சரிந்து, நாக்குக் குழறினால், "காத்துக் கருப்பு" என்று உடுக்கை அடிக்காதீர், கட்டுவிரியனாக இருக்கலாம். அதன் கடித்தடம் கண்ணுக்கே தெரியாமல் போவதுண்டு. வலியும் மிகக் குறைவு. இரவிலே விளக்கும் செருப்பும், உறங்கும்போது கட்டிலும் கொசுவலையும் - எந்த மந்திரமும் தராத காவல் இவை. எந்த மருத்துவமனையிலே மருந்து இருக்கிறது என்பதை இன்றே கேட்டு எழுதி, ஊர்ச் சாவடிச் சுவரிலே ஒட்டுங்கள்.

பாம்புக்குப் பகுத்தறிவு இல்லை, மிதித்தால் கடிக்கும். அதன்மீது பழி சுமத்திப் பயனில்லை. பகுத்தறிவு படைத்தவன் மனிதன். மருந்து இருக்கிறது என்று அறிந்த பின்னும் ஒருவனைத் திண்ணையிலே கிடத்திவைத்தால், அந்தச் சாவுக்குப் பெயர் விதி அன்று. கடித்தது பாம்பு, கொன்றது நாம் கடத்திய நேரம். அந்த நேரத்தை மீட்டுத் தரும் தொண்டுக்குத்தான் இளைஞர்களை அழைக்கிறோம்.