யாருக்காகச் செத்தது அந்த மீன்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மீன் தொட்டி வைத்திருக்கும் வீட்டில் ஒரு மீன் செத்து மிதந்தால், பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: “நமக்கு வர இருந்ததை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு.” அதோடு விசாரணை முடிந்தது. தண்ணீரை யாரும் சோதிப்பதில்லை. அடுத்த வாரம் வேறொரு மீன் வந்துவிடுகிறது.

மூடநம்பிக்கைக்கு எதிரான சுயமரியாதை இயக்கம் 1931-இல் மாகாண மாநாடு கூட்டிய விருதுநகரின் மாவட்டம் இது. இங்கே இந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நம் கவனக்குறைவால் செத்த உயிரை, நமக்காக உயிர் கொடுத்த தியாகியாக்கி, அந்தச் சாவில் நமக்கு லாபமும் எழுதிக்கொள்கிறோம். இதைவிடக் கொடிய மூடநம்பிக்கை வேறென்ன?

எட்டுப் பொன்னிற மீனோடு ஒரு கறுப்பு மீன் விட்டால் அது திருஷ்டியை எடுத்துக்கொள்ளும் என்பது சீன வாஸ்துவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கணக்கு. இந்தக் கணக்கை உப்புநீர்த் தொட்டியில் போட்டுப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு நீமோ மீன்கள், அதாவது கோமாளி மீன்கள், இருக்கின்றன. கறுப்பு வேண்டுமென்று டாமினோ டேம்சலை வாங்குகிறார்கள். கறுப்பு உடலில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். கடையில் பார்க்கும்போது நகமளவுதான் இருக்கும். கடலில் இதன் குஞ்சுகள் கோமாளி மீன்களைப் போலவே கடல் சாமந்தியில் அடைக்கலம் புகுபவை. ஆகவே ஒத்துப்போகும் என்று தோன்றும். வளர்ந்ததும் தொட்டி முழுவதும் தனக்கே என்று துரத்தத் தொடங்கும். கடலில் துரத்தப்பட்ட மீன் தப்பி ஓடிவிடும். மூன்றடித் தொட்டியில் எங்கே ஓடும்? மூலையில் ஒதுங்கி, இரையெடுக்காமல் மெலியும். வெள்ளைப்புள்ளி நோய் பற்றும். வீட்டார் கண்ணில் படுவது கடைசி நாள் மட்டும்தான். அதைத் திருஷ்டிக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

சண்டை போடாத மீனாகப் பார்த்து வாங்கினால் போதுமா? போதாது. கிளீனர் ராஸ் என்ற நீலக்கோட்டு மீன் மற்ற மீன்களோடு சண்டைக்குப் போகாது. மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது அது. நாலு மீன் உள்ள தொட்டியில் அதற்கு எவ்வளவு கிடைக்கும்? மாண்டரின் மீனும் அப்படித்தான். பாறையிடுக்கில் ஊரும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில் அவை இருக்காது. அழகுக்காக வாங்கி, பட்டினி போட்டுக் கொல்கிறோம். நாம் கேட்பது “இது என் மீன்களைக் கடிக்குமா?” என்பதைத்தான். “என் தொட்டியில் இது வாழுமா?” என்று கேட்பவர் குறைவு.

இந்த மாவட்டத்துக்கு இது தெரியாத பாடமல்ல. 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயை வளர்ப்பவர்களைக் கேளுங்கள். குட்டிக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பார்கள். இரண்டாவது நாயைக் கொண்டுவருமுன் முதல் நாயின் குணம், வயது, ஆணா பெண்ணா என்று யோசிப்பார்கள். நாய்க்குத் தரும் அந்த அறிவை மீனுக்குத் தரக்கூடாதா?

கடற்கரையிலிருந்து இவ்வளவு தள்ளி உப்புநீர்த் தொட்டி வைப்பவருக்குப் பொறுப்பு கூடுதல். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிக்கொண்டே போகும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைபெற ஒரு மாதமோ கூடுதலோ ஆகும். புது மீனை நாலு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் வாங்காமல் இருக்கலாம்.

வாங்குவதானால், பண்ணையில் பிறந்ததா, பவளப்பாறையில் பிடித்ததா என்று கேளுங்கள். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தார் கைவரப் பெற்றிருக்கிறார்கள். கடலைச் சுரண்டித்தான் ஆசை தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடல்குதிரையையும் உயிர்ப்பவளத்தையும் யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை.

அப்படியும் ஒரு மீன் செத்தால், எடுத்து எறியுமுன் பாருங்கள்: துடுப்பு கிழிந்திருக்கிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, தோலில் வெள்ளைப் புள்ளி உண்டா. அன்றைக்கே அம்மோனியாவை அளந்து எழுதிவையுங்கள். வீட்டுக் குழந்தை “ஏன் செத்துச்சு?” என்று கேட்டால், அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், தவறு நம்முடையதென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.