புள்ளடியும் விருப்பும்

தேர்தற் காலத்திலே நம் நாட்டில் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் எழும் கேள்வி, "யார் வெல்லுவார்?" என்பதே. சந்தித் தேநீர்க் கடையிலும் சலூனிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் பஸ்ஸிலும் இதே கேள்விதான் உலவுகின்றது. "யார் வெல்ல வேண்டும்?" என்று கேட்போர் அருகியே காணப்படுகின்றனர். இரண்டும் ஒன்றென எண்ணுவாருமுளர். அவை ஒன்றல்ல. முன்னையது ஊகம், பின்னையது தீர்ப்பு. குதிரைப் பந்தயத்திற் பணம் கட்டுபவனுக்கு ஊகம் போதும். குடிமகனோ தீர்ப்புக் கூறவே வாக்குச்சாவடிக்கு அழைக்கப்படுகின்றான். அங்கே சென்று, பிறர் என்ன கூறப்போகின்றனர் என்பதை ஊகித்து அதனையே தன் தீர்ப்பாக எழுதிவிட்டு வருவானாயின், அவன் தன் கடமையைச் செய்தவனாவானா?

இக்கேள்வியை வெறுங் கருத்துலகில் வைத்து ஆராய வேண்டிய அவசியமில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நிறைவேற்றதிகாரம் கொண்ட சனாதிபதிப் பதவியைத் தோற்றுவித்தது. அதற்கான தேர்தல் முறையிலே வாக்காளனுக்கு ஒரு வசதியும் அளிக்கப்பட்டது. மூவருக்கு மேற்பட்டோர் போட்டியிடுமிடத்து அவன் தன் முதல் விருப்பை மாத்திரமன்றி, இரண்டாம் மூன்றாம் விருப்புகளையும் எண்களாற் குறிக்கலாம். முதல் எண்ணிக்கையில் எவரும் செல்லுபடியான வாக்குகளுள் அரைவாசிக்கு மேற் பெறாவிடின், முன்னணியில் நிற்கும் இருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டோரின் சீட்டுகளில் இரண்டாம் விருப்பு அவ்விருவருள் ஒருவருக்கு அளிக்கப்பட்டிருப்பின் அது அவர் கணக்கிற் சேரும். இன்றேல் மூன்றாம் விருப்பு நோக்கப்படும். ஊகத்தையும் தீர்ப்பையும் ஒன்றோடொன்று மோதவிடாமற் பிரித்து வைக்கும் ஏற்பாடு இது. 'நான் விரும்புபவர் இவர். அவர் தோற்பாராயின் எஞ்சியோருள் நான் ஏற்கக்கூடியவர் இவர்' என்று கூற இம்முறை இடமளிக்கின்றது. தோல்வியுறுவார் எனக் கருதப்படும் வேட்பாளருக்கு முதல் விருப்பை அளிப்பதால் எவருடைய வாக்கும் வீணாகாது.

1982 தொடக்கம் 2019 வரை நடைபெற்ற எட்டுத் தேர்தல்களிலும் வெற்றி பெற்றவர் முதல் எண்ணிக்கையிலேயே அரைவாசியைத் தாண்டியமையால் இவ்வேற்பாடு சோதிக்கப்படவேயில்லை. 2024 செப்டெம்பர் 21ஆந் திகதி நடைபெற்ற ஒன்பதாவது தேர்தலிலேதான் முதன்முறையாக அது தேவைப்பட்டது. களத்திலே 38 வேட்பாளர்கள் இருந்தனர். அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளையும், சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளையும் பெற்றனர். முன்னவர் பெற்றது 42.31 வீதம். ஏனைய முப்பத்தாறு பேருக்குமாக விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் சற்றுக் கூடியவை. அச்சீட்டுகள் யாவும் மீண்டும் எடுத்து நோக்கப்பட்டன. அவற்றிலிருந்து திசாநாயக்கவுக்குச் சேர்ந்தவை 105,264. பிரேமதாசவுக்குச் சேர்ந்தவை 167,867. இரண்டையுங் கூட்டினால் 273,131.

வாசகர்கள் இந்த எண்ணிடத்துச் சற்று நிற்க வேண்டும். முப்பத்துமூன்று இலட்சம் பேரில் முப்பது இலட்சத்துக்கும் அதிகமானோரின் குரல் இரண்டாம் எண்ணிக்கையில் ஒலிக்கவேயில்லை. அவர்களுட் சிலர், நீக்கப்பட்ட பிறருக்குத் தம் ஏனைய விருப்புகளை அளித்திருத்தல் கூடும். பெரும்பாலோர் ஒரு பெயருக்கு நேரே ஒரு புள்ளடியை, அல்லது ஒன்று என்னும் எண்ணை, இட்டுவிட்டு வந்தவர்களே என்று கொள்வதிற் தவறில்லை. நாட்டை யார் ஆளுவது என்பதைத் தீர்மானிக்கும் இரண்டாவது கேள்வி தம்மிடம் கேட்கப்பட்டிருந்தது என்பதையே அவர்களிற் பலர் உணரவில்லை. உணர்ந்தோரும் விடை கூற விரும்பவில்லை.

இதனை அறியாமை என்று கூறி அமைதி காண்பது எளிது. தேர்தல்கள் ஆணைக்குழு விளக்கம் அளிக்காமலில்லை. பத்திரிகைகளும் படம் போட்டுக் காட்டின. வாக்குச்சாவடிகளிலே கடமையாற்றுவோருட் பெருந்தொகையினர் ஆசிரியர்களாகிய நம்மவரே. எண் எழுதத் தெரியாத சமூகமன்று நம்முடையது. இதன் காரணம் எழுத்தறிவுக்கு அப்பாற்பட்டது. இரண்டாம் விருப்பை எழுத ஒருவன் இரண்டு உண்மைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் வேட்பாளர் தோற்கக்கூடும் என்பது ஒன்று. எதிரணியினர் யாவரும் ஒரே அளவிலே தீயவரல்லர், அவர்களுள்ளும் மேலோர் கீழோர் உண்டு என்பது மற்றையது. நமது கட்சி மேடைகள் இவ்விரண்டையும் மறுப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை. கட்சி அபிமானம் நம்மிடையே பக்தியின் வடிவத்தை எடுத்துள்ளது. இட்ட தெய்வம் ஒன்றுதான். இரண்டாவது தெய்வத்தின் பெயரை உச்சரிப்பதே நிந்தனை. இடதுசாரி இயக்கமும் இவ்விடயத்திலே பெருமை கொள்ள இடமில்லை. 1982இலே கொல்வின் ஆர். டி சில்வா, வாசுதேவ நாணயக்கார, ரோகண விஜேவீர ஆகிய மூவரும் வெவ்வேறு கட்சிகளின் சார்பிற் போட்டியிட்டனர். இந்நாட்டு இடதுசாரிகள் பகைவனோடு வாதிட்டதிலும் பார்க்க அயலிலுள்ள தோழனோடு வாதிட்டதே அதிகம் என்பதை வரலாற்று மாணவர் எவரும் அறிவர்.

'வெல்லாதவனுக்கு வாக்களித்து ஏன் வீணாக்குவான்?' என்ற பழமொழி போன்ற பேச்சை இங்கு எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரிலே திசாநாயக்க பெற்றவை 418,553 வாக்குகள், 3.16 வீதம். அன்று அவருக்கு வாக்களித்தவரைப் பார்த்து அறிவாளிகள் நகைத்தனர். ஐந்தாண்டுகளுக்குள் அதே பெயர் ஐம்பத்தாறு இலட்சம் வாக்குகளைப் பெற்றது. அந்த நான்கு இலட்சம் பேரும் 'வெல்பவர் யார்' என்பதை மாத்திரம் நோக்கியிருப்பின், 2024இல் அப்பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெற்றிருக்குமோ என்பதே ஐயம். இதனாற் கருத்தின் வலிமை ஒன்றே வென்றது என்று கூறுவதும் பேதைமையாகும். 2019இலே கோட்டாபய ராஜபக்சவுக்கு 69 இலட்சம் பேர் வாக்களித்தனர். 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டு ஓடினார். இடையிலே நின்றவை எரிபொருள் வரிசைகள், வெற்று எரிவாயுக் கொள்கலன்கள், பால்மா இல்லாத கடைகள், பன்னிரண்டு மணிநேரத்துக்கும் மேலாக நீண்ட மின்வெட்டுகள். மக்களின் விருப்பு ஆகாயத்திலிருந்து இறங்குவதன்று. அது அடுப்படியிற் பிறப்பது. ஆயினும் அடுப்படியிற் பிறந்த கோபம் எந்தப் பெயரைச் சென்று பற்றிக்கொள்ளும் என்பதற்கு, முன்னரே அப்பெயரை உயிரோடு வைத்திருந்த சிறு தொகையினர் தேவைப்பட்டனர்.

வட கிழக்கு மக்களை நோக்கி இவ்வாதத்தைக் கூறும்போது மிகுந்த அவதானம் வேண்டும். அவர்களுக்கு விருப்பைத் தெரிவிக்கும் நிலை எப்பொழுதும் வாய்த்ததில்லை. 2005 நவம்பரிலே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்தானும் வாக்களிக்கவில்லை. விடுதலைப் புலிகள் விதித்த பகிஷ்காரத்தின் நிழலிலே, வாக்களிக்க விரும்பியவரும் விரும்பாதவரும் ஒரே மௌனத்துள் அடக்கப்பட்டனர். அத்தேர்தலில் மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 180,000 வாக்குகளாலேயே வென்றார் என்பதை நினைவுகூரும்போது, அம்மௌனத்தின் விலை எத்தகையது என்பது புலப்படும். நான்காண்டுகள் கழிந்து 2010இல் நடந்தது அதனினுங் கொடிது. போர் முடிந்து ஓராண்டு நிறையவில்லை. அப்போரை நடத்திய அரசின் தலைவர் ஒருபுறம், அதனை நடத்திய படைத் தளபதி மறுபுறம் நின்றனர். தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இவ்விருவருள் எவரை 'விரும்ப' முடியும்? யாழ்ப்பாணத்தில் வாக்களிக்கச் சென்றோர் சிலரே. அவர்களிற் பெரும்பான்மையோர் சரத் பொன்சேகாவுக்கு வாக்களித்தனர். அதனைப் பொன்சேகாவிடம் கொண்ட விருப்பு என்று எவரேனும் கணக்கிடுவாராயின், அவருக்குக் கணக்குத் தெரியும், மனிதரைத் தெரியாது.

ஒருவரைத் தோற்கடிப்பதற்காக இன்னொருவருக்கு வாக்களிப்பது அறத்துக்கு மாறானதா? நாம் அவ்வாறு கருதவில்லை. தீமைகள் இரண்டுள் சிறியதைத் தெரிவது, உயிரோடிருக்க விரும்பும் சிறுபான்மையினர் எவருக்கும் நேரும் கடமை. தவறு எங்கே தொடங்குகின்றதெனில், சிறிய தீமையை நன்மை என்று தனக்குத்தானே கூறிக்கொள்ளும் இடத்தில். வாக்குச்சீட்டில் ஒரேயொரு புள்ளடியை இடும்போது, அச்சத்தினால் இட்டதும் அன்பினால் இட்டதும் ஒரே வடிவையே பெறுகின்றன. வென்றவர் இரண்டையும் அன்பென்றே கணக்கெழுதிக்கொள்கின்றார். விருப்புகளை வரிசைப்படுத்தி எழுதும்போது இந்தப் பொய் சிறிதளவு குறைகின்றது. 'எனது முதல் விருப்பு நீரல்லீர். உமக்கு நான் தந்தது இரண்டாவது' என்ற செய்தி, எண்ணப்படுமிடத்து, பதிவேட்டில் நிற்கும்.

தேர்தலுக்கு முன்னர் வெளியாகும் அபிப்பிராயக் கணிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டிலே 'லிட்டரரி டைஜெஸ்ட்' என்னும் சஞ்சிகை, ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களுள் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். அச்சஞ்சிகை பெயர்களைத் திரட்டியது பெரும்பாலும் தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார்க் கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து. பொருளாதார மந்தத்திலே வேலையிழந்தவனிடம் அவையிரண்டும் இருக்கவில்லை. ஆகவே அவனுக்கு அபிப்பிராயமும் இல்லையென்றாயிற்று. இன்றைய கணிப்பாளர் இக்குறையைத் திருத்தப் பெரிதும் முயன்றுள்ளனர். எனினும் அவர்கள் திருத்த முடியாத ஒன்றுண்டு. கணிப்பு வெளியானதும் அது வெறும் அளவீடாக நிற்பதில்லை. மறுநாட் காலையிலே அதுவே ஒரு பிரசாரமாகின்றது. வெல்பவர் பக்கம் சாய விரும்புவோருக்கு அது வழி காட்டுகின்றது. தன் மனத்தை இன்னும் ஆராய்ந்து முடியாதவனுக்கு, பிறர் மனத்தை ஆராய்ந்து தந்துவிடுகின்றது.

கேட்கப்படாதோர் என்னும்போது மலையகத்தை விட்டுவிட்டுச் செல்ல முடியாது. சோழர் காலக் குடவோலையைக் காட்டி, தேர்தல் முறை தமிழரின் முதுசொம் என்று பெருமை பேசும் பண்டிதர் நம்மிடையே உளர். உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறுவது, நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் உடையோரின் பெயர்களைக் குடத்திலிட்டுச் சிறுவனொருவன் எடுத்தான் என்பதே. அங்கே எவருடைய விருப்பும் கேட்கப்படவில்லை. உழுதவன் பெயர் குடத்துக்குள் புகவுமில்லை. சொத்தும் படிப்பும் பாராது ஆணும் பெண்ணும் வாக்களிக்கும் உரிமை இந்நாட்டிற் பரவலாக வந்தது 1931இல். 1947 பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. தோட்டத் தொழிலாளர் தம் விருப்பை ஐயந்திரிபறக் கூறினர். விடை என்னவாயிற்று? 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் மறுவருடத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்தே நீக்கின. முதலாவது சனாதிபதித் தேர்தல் நடந்த 1982இலும் நாடற்றவராகவே இருந்தோர் பெருந்தொகையினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்கணக்கு முடிவுறவில்லை. லயன் அறையிலிருந்து வாக்குச்சாவடிக்குச் செல்லும் பெண்ணின் கையிலுள்ள சீட்டு, அவளுடைய பாட்டியிடமிருந்து பறிக்கப்பட்டு மீண்டது. அவளிடம் போய், 'வீணாக யோசியாதே, தலைவர் சொன்ன இடத்திலே புள்ளடியைப் போடு' என்று கூறும் தொழிற்சங்கப் பிரதிநிதி எத்தகைய சோசலிசத்தைப் போதிக்கின்றார் என்று நாம் கேட்கலாம்.

தேர்தலினால் வர்க்க உறவுகள் மாறிவிடா, ஆதலின் முதலாம் இரண்டாம் விருப்புகளைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்பர். உண்மை, வாக்குச்சீட்டு மாத்திரம் நிலத்தையும் ஆலையையும் கைமாற்றியதில்லை. ஆனால் தன் விருப்பு யாதென ஐந்தாண்டுக்கொரு முறையேனும் தனியாக நின்று எண்ணிப் பாராத மனிதன், தெருவிலிறங்கும் வேளையிலும் பிறர் எழுப்பும் கோஷத்தையே திருப்பிக் கூறுவான்.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 2024ஆம் ஆண்டுப் பெறுபேறுகளை ஒருமுறை நோக்குக. செப்டெம்பரிலே பிரேமதாசவுக்கு 121,177, சங்குச் சின்னத்திற் போட்டியிட்ட பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 116,688, ரணில் விக்கிரமசிங்கவுக்கு 84,558, திசாநாயக்கவுக்கு 27,086. எட்டு வாரங்கள் முடியுமுன்னே, நவம்பர் 14ஆந் திகதிப் பாராளுமன்றத் தேர்தலில், திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்திலே 80,830 வாக்குகளோடு முதலிடம் பெற்றது. அத்தனை பேரின் மனமும் எட்டு வாரத்துள் மாறியதா? வென்றவர் பக்கம் சாய்ந்ததா? அன்றிச் செப்டெம்பரிலேயே அது அவர்கள் மனத்தில் இரண்டாவதாக இருந்து, எழுதப்படாமற் போயிற்றா? பத்திரிகைகள் மூன்று விளக்கங்களையும் தந்தன. மேடைகளிலே அவரவர்க்கு வேண்டியதை எடுத்துக்கொண்டனர். நாடெங்கும் நிகழ்ந்ததே அங்கும் நிகழ்ந்திருக்குமாயின், விடை கூறியிருக்கக்கூடிய சீட்டுகளிற் பெரும்பாலானவற்றில் இருந்தது ஒரேயொரு புள்ளடி.